அச்சத்தின் கணக்கு

1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்துக்குக் கீழே, வாகனங்கள் நிறுத்தும் தளத்தில் வெடிமருந்து ஏற்றிய வேன் ஒன்று வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் உளவு ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த ஜினா பென்னட் என்ற இளம்பெண் ஓர் அறிக்கை எழுதினார். சோவியத் படைகளுக்கு எதிராகப் போரிட ஆப்கானிஸ்தானுக்குப் போன பல நாட்டு ஆண்கள், அந்தப் போர் முடிந்த பிறகும் பயிற்சியோடும் பணத்தோடும் தொடர்புகளோடும் நாடு நாடாக அலைகிறார்கள், அவர்களால் ஆபத்து வரும் என்பது அதன் சாரம். அவர்களுக்குப் பணம் கொடுப்பவராக அதில் குறிப்பிடப்பட்ட பெயர், ஒசாமா பின் லாடன்.

1996இல் சி.ஐ.ஏ. பின் லாடனைக் கண்காணிக்க மட்டும் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாடுகளில் ஒற்றர்களைக் கையாளும் வேலையே அந்த நிறுவனத்தில் பெருமைக்குரியது, அது ஆண்களுடையது. தாள்களைப் படித்துப் பெயர்களை இணைத்துப் பார்க்கும் மேசை வேலை மதிப்புக் குறைந்தது, அது பெண்களிடம் வந்தது. அந்தப் பிரிவுக்குச் சக ஊழியர்கள் வைத்த கேலிப்பெயர் ‘மேன்சன் குடும்பம்’. இளம்பெண்களைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு கொலைகள் செய்வித்த ஒரு கொடூரனின் பெயர் அது. அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கைகள் மிகைப்பட்ட பதற்றமாகப் பார்க்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11 அன்று 2,977 பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்த எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் அந்த நாள் வந்தே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. வரலாற்றை அப்படித் திருப்பி எழுத முடியாது. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ஓர் அச்சம் எப்போது ‘அச்சுறுத்தல் மதிப்பீடு’ ஆகிறது, எப்போது ‘பெண்களின் பதற்றம்’ ஆகிறது? மேற்கு நாடுகளுக்கு ஜிஹாதிப் பயங்கரவாதத்தால் எவ்வளவு ஆபத்து என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவருகிறது. அதற்கான பதில்களில் யாருடைய அச்சம் எண்ணப்பட்டது, யாருடையது விடுபட்டது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

நான் தமிழ் இலக்கணம் கற்பிப்பவள். பாதுகாப்புத் துறை எனக்குச் சொந்தமான களம் இல்லை. ஆனால் அச்சம் என்ற சொல்லை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பியம் அதை இரண்டு இடங்களில் பேசுகிறது. ஓரிடத்தில், நாணத்தோடும் மடத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்குரிய இயல்பாக அச்சத்தை வைக்கிறது. மெய்ப்பாட்டியலில், அச்சம் எங்கிருந்து பிறக்கும் என்று நான்கு மூலங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் வெளியிலிருந்து வருபவை. நான்காவது, தம்மை ஆள்பவர். ஆள்பவரும் அச்சத்தின் மூலம்தான் என்று அந்தப் பழைய நூல் தயங்காமல் சொல்லியிருக்கிறது. ஆள்பவர் அரண்மனையில் மட்டும் இருப்பதில்லை, வீட்டுக்குள்ளும் இருக்கிறார் என்று இன்று நாம் சேர்த்து வாசிக்கலாம். நவீன அரசுகளின் அச்சுறுத்தல் மதிப்பீடுகள் கள்வரை மட்டும் எண்ணின. இந்த நான்காவது மூலத்தை அவை தொடவே இல்லை.

முதலில் கள்வரின் கணக்கைப் பார்ப்போம். ஜிஹாத் என்ற அரபுச் சொல்லுக்குப் பாடுபடுதல், முயலுதல் என்று பொருள். இறைநெறியில் நிற்க ஒருவர் தன்னோடு நடத்தும் போராட்டமும் அதில் அடங்கும். அல் காய்தா, ஐ.எஸ். போன்ற இயக்கங்கள் அதைத் தங்கள் கொலைக்குரிய பெயராக்கிக்கொண்டன. நான் இங்கே ஜிஹாதிப் பயங்கரவாதம் என்று சொல்வது அந்த இயக்கங்களையும் அவற்றால் தூண்டப்பட்டவர்களையும்தான். அவர்கள் செய்தவை சிறியவை அல்ல. 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் 190 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 ஜூலையில் லண்டனில் 52 பேர். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர். 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் 32 பேர். அதே ஆண்டு ஜூலையில் நீஸ் நகரின் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி 86 பேரைக் கொன்றது.

இந்த எண்களை அப்படியே விட்டுவிட்டால் கணக்கு கோணலாகிவிடும். 2000க்குப் பிறகு உலகில் பயங்கரவாதத்தால் இறந்தவர்களில், செப்டம்பர் 11ஐத் தவிர்த்துப் பார்த்தால், மேற்கு நாடுகளில் இறந்தவர்கள் 0.5 விழுக்காடுதான் என்று 2015ஆம் ஆண்டின் உலகப் பயங்கரவாதக் குறியீடு கணக்கிட்டது. மிச்சம் எல்லாம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் சிரியாவிலும் அவற்றைப் போன்ற நாடுகளிலும் விழுந்த பிணங்கள். ஜிஹாதிகளால் அதிகம் செத்தவர்கள் முஸ்லிம்கள். 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக்கில் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தியது போகோ ஹராம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யாசிதிப் பெண்களை ஐ.எஸ். அடிமைகளாகப் பிடித்து விற்றது. அவர்களில் ஒருவரான நாதியா முராத் 2018இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘மேற்குக்கு எவ்வளவு ஆபத்து’ என்று கேட்கத் தொடங்கும்போதே இந்தப் பெண்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

அமெரிக்க மண்ணில் 2001க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் ஜிஹாதித் தாக்குதல்களில் இறந்தவர்கள் நூறுக்குச் சற்று மேல். அதே நாட்டில் கணவனாலும் காதலனாலும் கொல்லப்படும் பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கு மேல். பிரான்சில் 2019 என்ற ஒரே ஆண்டில் 146 பெண்கள் இணையர்களாலோ முன்னாள் இணையர்களாலோ கொல்லப்பட்டார்கள். பாரிஸ் தாக்குதலில் இறந்தவர்களைவிட அதிகம். அவர்களுக்காக அவசரநிலை அறிவிக்கப்படவில்லை.

இந்த ஒப்பீட்டைப் பெண்ணியர்கள் பலமுறை செய்திருக்கிறோம். இது உண்மை, ஆனால் இதோடு நிற்கக் கூடாது. பயங்கரவாதத்தைச் செத்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. அது தடுக்கப்பட்டதாலும் அந்த எண் குறைவாக இருக்கிறது. 2006 ஆகஸ்டில் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபடாமல் போயிருந்தால் கணக்கே வேறு. மேலும், அது சாவோடு சேர்த்து ஒரு செய்தியையும் அனுப்புகிறது. 2017 மே 22 அன்று மான்செஸ்டரில் அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர்கள் மத்தியில் குண்டு வெடித்தது. இறந்த 22 பேரில் 17 பேர் பெண்களும் சிறுமிகளும். மிக இளையவளுக்கு எட்டு வயது. பாட்டுக் கேட்கப் போன பெண்பிள்ளைகள், அவர்களை அழைத்துப்போக வந்த தாய்மார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகள் இதே வகைச் சதி வெளிப்பட்டதால் ரத்தாயின. முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்டவனுக்கு 19 வயது. பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து மகிழும் இடம் இலக்காவதை எந்தப் பெண்ணியமும் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இந்த ஆபத்து உண்மையானது. எங்கே பார்த்து அதை அளந்தார்கள் என்பதில்தான் கோளாறு.

மான்செஸ்டரில் குண்டு வைத்தவன் 2012இல் கல்லூரியில் படித்தபோது, குட்டைப் பாவாடை அணிந்திருந்தாள் என்று சக மாணவி ஒருத்தியைத் தலையில் குத்தினான். காவல்துறைக்கு அது தெரியும். நீதிமன்றத்துக்குப் போகாமல் சமரச முறையில் முடித்துவைத்தார்கள்.

சிட்னியின் லிண்ட் காப்பிக் கடையில் 2014 டிசம்பர் 15 அன்று பதினெட்டுப் பேரைப் பிணையாகப் பிடித்தவன் மான் ஹாரன் மோனிஸ். மறுநாள் அதிகாலை அது முடிந்தபோது பிணையாளிகள் இருவரும் அவனும் இறந்திருந்தார்கள். அந்த நாளில் அவன் ஜாமீனில் வெளியே இருந்தான். முன்னாள் மனைவியின் கொலைக்கு உடந்தை என்று ஒரு வழக்கு; பெண்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் நாற்பதுக்கு மேல். அந்த வாரத்துக்குச் சற்று முன்பு அவனுடைய முகநூல் பக்கத்தைப் பற்றித் தேசியப் பாதுகாப்புத் தொலைபேசிக்குப் பதினெட்டு அழைப்புகள் வந்தன. அதைப் பார்த்த அதிகாரிகள் உடனடித் தாக்குதலுக்கான அறிகுறி இல்லை என்று முடிவு செய்தார்கள். பதிவுகளில் அறிகுறி இல்லாமல் இருந்திருக்கலாம். எரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் அறிகுறியாக யாருக்கும் தோன்றவில்லை.

2016 ஜூனில் ஒர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் 49 பேரைச் சுட்டுக் கொன்றவனை எஃப்.பி.ஐ. முன்பே இரண்டு முறை விசாரித்துக் கைவிட்டிருந்தது. அவன் தன்னை அடித்ததையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டதையும், பெற்றோர் வந்து தன்னை மீட்டுக்கொண்டு போனதையும் முதல் மனைவி பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். நீஸில் லாரி ஓட்டியவன் உளவுத்துறையின் தீவிரவாதப் பட்டியலில் இல்லவே இல்லை. அவன் மனைவி அனுபவித்த வன்முறை, 86 பேர் செத்த பிறகு உலகச் செய்தியானது.

பிரிட்டனின் பயங்கரவாதத் தடுப்புக் காவல்துறை பின்னாளில் இதை எண்ணிப் பார்த்தது. தீவிரவாதத்துக்குப் போகக்கூடியவர்கள் என்று 2019இல் அரசின் ‘பிரிவென்ட்’ திட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 3,045 பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், 35 விழுக்காட்டினருக்குக் குடும்ப வன்முறையோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. அடித்தவர்களாக, அடிபட்டவர்களாக, பார்த்து வளர்ந்தவர்களாக. அந்தப் பட்டியலில் வலதுசாரி நிறவெறியர்களும் இருந்தார்கள். எனவே இது ஒரு மதத்தின் குணம் இல்லை. நார்வேயில் 2011இல் 77 பேரைக் கொன்ற பிரெய்விக் இஸ்லாத்தை வெறுத்தவன். பெண்ணியத்தையும் அதே அளவு வெறுத்தவன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மனைவியை அடிப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் குண்டு வைப்பவன் மிக மிக அரிது. அடிப்பவனை எல்லாம் பயங்கரவாதி ஆகப்போகிறவன் என்று கண்காணித்தால் அது பயனற்ற கண்காணிப்பாக முடியும். அடிபடும் பெண்ணின் உயிர், நாளை ஊரில் குண்டு வெடிக்கக்கூடும் என்பதால்தான் மதிப்புள்ளது என்றும் ஆகிவிடும். நான் கேட்பது அதைவிட எளியது. அவளுடைய புகார் அவளுக்காகவே விசாரிக்கப்பட்டிருந்தால் இந்த ஆண்களில் சிலர் அந்தந்த நாளில் வெளியே இருந்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் என்றாலே பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதிவிட்டுப் போவதும் நேர்மையாகாது. 2010இல் லண்டனில் ஸ்டீஃபன் டிம்ஸ் என்ற எம்.பி.யைக் கத்தியால் குத்தியவர் படிப்பில் சிறந்த ஒரு மாணவி. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற இருவரில் ஒருவர் மனைவி. சிரியாவுக்கும் ஈராக்குக்கும் ஐ.எஸ்.ஸோடு சேரப் பல நாடுகளிலிருந்து போனவர்கள் 41,490 பேர் என்றும், அவர்களில் 4,761 பேர் பெண்கள் என்றும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு மையம் 2018இல் கணக்கிட்டது. அரசுகள் இவர்களை முதலில் ஏமாற்றப்பட்ட மணப்பெண்கள் என்று பார்த்தன, பிறகு மன்னிக்க முடியாத அரக்கிகள் என்று பார்த்தன. 15 வயதில் கிழக்கு லண்டனிலிருந்து போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019இல் பிரிட்டன் பறித்தது. பாலியல் சுரண்டலுக்காக அவர் கடத்தப்பட்டிருக்கலாம் என்ற நம்பத்தகுந்த சந்தேகம் உண்டு என்று 2023இல் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு பெண் முடிவெடுத்தவளாகவும் சுரண்டப்பட்டவளாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு அந்த மதிப்பீட்டில் கட்டமே இல்லை.

எதிர்த்தரப்பிலும் இதேதான். சி.ஐ.ஏ.வில் எச்சரித்தவர்கள் பெண்கள் என்றால், 2002இல் தாய்லாந்தில் இருந்த ரகசியச் சித்திரவதைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜினா ஹாஸ்பெலும் பெண். 2018இல் அவர் அந்த நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரானபோது அதைப் பெண்களின் வெற்றி என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள்.

இனி நான்காவது மூலம். 2001 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபரின் வாராந்தர வானொலி உரையை அவருடைய மனைவி லாரா புஷ் நிகழ்த்தினார். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்தான் என்றார். அந்தப் பெயரால் தொடங்கிய போர் இருபது ஆண்டுகள் நடந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் திரும்பி வந்தது. 1977இலிருந்து இயங்கிவந்த ராவா என்ற ஆப்கன் பெண்கள் அமைப்பு, தாலிபானையும் எதிர்த்தது, அமெரிக்கக் குண்டுவீச்சையும் எதிர்த்தது. அந்த இரட்டை எதிர்ப்பைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஐரோப்பாவுக்குள் அச்சுறுத்தல் பெண்ணின் தலைத்துணியில் தேடப்பட்டது. நீஸ் தாக்குதலுக்கு ஒரு மாதம் கழித்து, பிரான்சின் முப்பது ஊர்கள் அளவில் கடற்கரையில் புர்கினி என்ற முழு நீச்சலுடையைத் தடை செய்தன. காவலர்கள் சூழ்ந்து நிற்க ஒரு பெண் மணலில் உட்கார்ந்து மேலாடையைக் கழற்றும் படம் உலகெங்கும் வந்தது. நீஸில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அன்று முதலில் விழுந்தவர்களில் தலைத்துணி அணிந்த தாய் ஒருவரும் உண்டு. லாரி ஓட்டியவன் ஆண். தண்டனை உடைக்குப் போயிற்று. ஆகஸ்ட் 26 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஓர் ஊரின் தடையை நிறுத்திவைத்தது.

லதீஃபா இப்ன் சியாதென் கதை இன்னும் கூர்மையானது. மொராக்கோவில் பிறந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அவர் மகன் இமாத், 2012 மார்ச் 11 அன்று துலூஸில் முகமது மெராஹ் கொன்ற ஏழு பேரில் முதல்வர். மகனைக் கொன்றவன் வளர்ந்த குடியிருப்புக்கு அந்தத் தாய் தனியாகப் போனார். அங்கே நின்ற இளைஞர்கள், மெராஹ் ஒரு தியாகி, வீரன் என்றார்கள். அவன் கொன்றவனின் தாய் நான் என்று சொல்லிவிட்டு, திரும்பிவந்து மகன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் போய் அப்படிப்பட்ட இளைஞர்களிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். 2015 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றக் கட்டடத்தில் மதச்சார்பின்மை குறித்த கூட்டம் ஒன்றில் அவர் பேசியபோது, தலையில் துணி இருக்கிறது என்று அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். ஜிஹாதியால் மகனை இழந்து, ஜிஹாதிகள் உருவாகும் தெருவிலேயே வேலை செய்பவர், அந்த அறையில் இருந்த சிலரின் கண்ணுக்கு அச்சுறுத்தலாகத் தெரிந்தார்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2005க்குப் பிறகு முஸ்லிம் தாய்மார்களைப் பிள்ளைகளின் காவலர்களாக ஆக்கப் பார்த்தது. 2016 ஜனவரியில் டேவிட் கேமரன், முஸ்லிம் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க 2 கோடி பவுண்டு என்று அறிவித்தபோது அதைத் தீவிரவாதத் தடுப்போடு முடிச்சுப் போட்டார். மொழி ஒரு பெண்ணுக்கு அவளுடைய வாழ்க்கைக்காகத் தேவை என்று சொல்ல அரசுக்கு வாய் வரவில்லை. இதற்கு முன்பே, 2008இல், லண்டனின் ஈலிங் நகரமன்றம் சமூக ஒருங்கிணைவு என்ற பெயரில் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புக்கான நிதியை நிறுத்த முயன்றது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பிவரும் தெற்காசிய, ஆப்பிரிக்கப் பெண்களுக்கு 1979இலிருந்து துணை நின்ற அமைப்பு அது. அவர்கள் நீதிமன்றம் போய் வென்றார்கள். இதே பெண்கள்தாம் 1989இல் மத அடிப்படைவாதத்துக்கு எதிரான பெண்கள் அமைப்பைத் தொடங்க முன்னின்றவர்கள். வீட்டுக்குள் ஆள்பவனையும் அரசையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டவர்களின் விளக்கைத்தான் அணைக்கப் பார்த்தார்கள்.

இதில் உள்ள ஆபத்து நடைமுறையானது. தெருவே சந்தேகத்தில் இருக்கும்போது ஒரு பெண் கணவனைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்வது கடினமாகிறது. போனால் குடும்பமே தீவிரவாதப் பட்டியலில் ஏறுமோ என்ற பயம். போகாவிட்டால் அடி. இரண்டு ‘இறை’களுக்கு நடுவில் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். தகவல் வரும் ஒரே கதவை இப்படி மூடிவிட்டுத்தான் கேமராக்களுக்கும் கண்காணிப்பு மென்பொருள்களுக்கும் பணம் கொட்டுகிறார்கள்.

அந்தக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாரிஸிலேயே சான்று உண்டு. 2015 நவம்பர் தாக்குதலை ஒருங்கிணைத்தவன் அப்தல்ஹமீத் அபாஊத். அவன் சிரியாவில் இருப்பதாக ஐரோப்பிய உளவுத்துறைகள் நினைத்துக்கொண்டிருந்தபோது, பாரிஸுக்கு வெளியே நெடுஞ்சாலையோரப் புதரில் ஒளிந்திருந்தான். அவனை நேரில் பார்த்துவிட்டுக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னவர் ஒரு பெண். அந்தத் தகவலால்தான் நவம்பர் 18 அன்று சேன் தெனியில் காவல்துறை அவனை வளைத்தது. அவன் அடுத்த தாக்குதலுக்குத் தயாராக இருந்தான். அன்று ஊடகங்கள் வேறொரு பெண்ணைப் பற்றி எழுதின. அந்த வீட்டில் இறந்த அவனுடைய உறவுப்பெண்ணை ‘ஐரோப்பாவின் முதல் பெண் தற்கொலைக் குண்டுதாரி’ என்றன. அவள் குண்டை வெடிக்கவில்லை என்பது சில நாளில் தெரிந்தது. தகவல் சொன்ன பெண் பெயரையும் வீட்டையும் ஊரையும் இழந்தார். தனக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று அவர் வானொலியில் பேசிய பிறகு, 2016 ஜூனில் அத்தகைய சாட்சிகளைக் காக்கச் சட்டம் வந்தது.

மேற்குக்கு இருக்கும் ஆபத்து எவ்வளவு என்று என் மாணவிகள் கேட்டால் இப்படிச் சொல்வேன். 2019 மார்ச்சில் ஐ.எஸ். தன் கடைசி நிலப்பகுதியை இழந்த பிறகு, செப்டம்பர் 11 போன்றோ பாரிஸ் போன்றோ திட்டமிட்ட பெருந்தாக்குதலுக்கான வலு குறைந்திருக்கிறது. தனியனாக வரும் இளைஞன், கையில் கத்தி, அல்லது ஒரு வண்டி. அது நிற்கவில்லை, சீக்கிரம் நிற்கவும் போவதில்லை. அந்த நாடுகளின் இருப்பையே அது அழித்துவிடாது. ஆனால் ஓர் இரவில் இருபது பெண்பிள்ளைகளை அதனால் கொல்ல முடியும். அதைப் பற்றிய முதல் செய்தி பெரும்பாலும் செயற்கைக்கோளிலிருந்து வராது. ஓர் ஆய்வாளரின் மேசையிலிருந்தோ, அடிபட்ட ஒருத்தியின் புகாரிலிருந்தோ, பயந்துகொண்டே தொலைபேசியை எடுக்கும் ஒருத்தியிடமிருந்தோ வரும். அவள் சொல்வதை அவளுக்காகவே எழுதிக்கொள்ளும் கை எதிரில் இருக்க வேண்டும்.